பட்டியலில் இல்லாத ஊர்

கடந்த ஆண்டு மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, ஒரு காலை நேரம். புதுவயலுக்கு அருகே உள்ள எங்கள் ஊர் டீக்கடையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். பராமரிப்புப் பணிக்காக மறுநாள் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை என்று ஓர் அறிவிப்பு. நுரையீரல் நோயாளியான என் மனைவி வீட்டில் ஆக்சிஜன் மெஷினை நம்பி இருக்கிறார். மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். அதனால் ஊர்ப் பெயர்களை மூன்று முறை படித்தேன். எங்கள் ஊர் இல்லை.

"நமக்கு கரண்ட் கட் இல்லை" என்று கடைக்காரரிடம் சொன்னேன். நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் அவரும் நம்பினார்.

அரிசி ஆலை வேலைக்குப் போகும் வழியில் டீ குடிக்க வந்த ஒரு பெண் பேப்பரை எட்டிப் பார்த்தார்.

"ஏன் சார், மேக்க உள்ள ஊரும் போட்டிருக்கு, கெழக்க உள்ள ஊரும் போட்டிருக்கு. ஒரே லைனு, நடுவுல நாம. நம்மளுக்கு மட்டும் கரண்டு தாண்டிக் குதிச்சு வருமாக்கும்?"

"சாரு பேப்பர்லயே வேலை பாத்தவரு. அவருக்கே பாடமா?" என்றார் கடைக்காரர்.

"கடைசில 'சுற்றுப்பகுதிகள்'னு போட்டிருக்கே, அது யாராம்? நாமதான்."

அந்தச் சொல்லை நான் படிக்கவே இல்லை. பக்கத்தில் இடம் போதாதபோதெல்லாம் நான் முதலில் வெட்டிய சொல் அது. ஒப்புக்குப் போடுவது என்று நினைத்தே பழகிவிட்டேன்.

மனைவியின் நிலையைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த கேலிச் சிரிப்பு நின்றது. "சிலிண்டர் வச்சிருக்கீகளா?"

"ஒன்று இருக்கிறது. ஒரு மணி நேரம் தாங்கும்."

"அப்ப இங்க ஏன் உக்காந்திருக்கீக? காரைக்குடிக்குக் கெளம்புங்க சார்!"

மாலைக்குள் போதுமான சிலிண்டர்கள் வீட்டுக்கு வந்தன. மறுநாள் ஒன்பது மணி கடந்து சில நிமிடங்களில் மின்விசிறி நின்றது. மின்சாரம் போனதை எச்சரித்து மெஷின் கத்தத் தொடங்கியது. குழாயை சிலிண்டருக்கு மாற்றினேன். மனைவி இட்லி சாப்பிட்டார், தூங்கினார், புழுக்கத்துக்காக என்னைத் திட்டினார். மின்சாரம் வரும்போது ஐந்தரை.

நன்றி சொன்னபோது அந்தப் பெண், "நான் என்ன செஞ்சேன்? பேப்பரைத்தானே படிச்சேன்" என்றார்.

இதை எழுதும்போது பக்கத்து அறையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது; எழுதியதைக்கூட முழுதாகப் படிக்காத எனக்கு, எழுதாததையும் சேர்த்துப் படித்துச் சொன்ன அவரால்தான் அந்தச் சத்தம் இன்றும் இந்த வீட்டில் இருக்கிறது.