ரெபேக்கா கேட்கும் பழைய பெட்டி

“மொதல்ல கம்ப்யூட்டரோட முதுகக் காட்டுங்க” என்கிறார் ரெபேக்கா. ஹார்ட் டிஸ்க்கை உள்ளே வைத்துக் கம்ப்யூட்டரில் சொருகும் பெட்டி வாங்க வந்தவர் விலை கேட்பதற்குள் இது வந்துவிடும். வீட்டுக்கு ஃபோன் போட்டு, பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். எந்த ஓட்டை நீலம், எது கறுப்பு, எதில் உப்புக்காற்று துரு ஏற்றியிருக்கிறது என்று விரலால் பெரிதாக்கிப் பார்த்த பிறகே அலமாரியைத் திறப்பார்.

மஞ்சக்குப்பத்தில் இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் கடை. நாற்பத்தேழு வயது ரெபேக்காவின் கொண்டையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செருகியிருக்கும். புது மாதிரி டைப்-சி கேபிள்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவரிடம், “எத்தினி ஸ்பீடா இருந்தா என்னா, சொருகறதுக்கு ஓட்ட வேணும்ல?” என்பார். இரண்டு மீட்டர் கேபிள் கேட்டால், “துணி காயப் போடவா?” என்று குட்டையும் தடிமனுமாக ஒன்றை எடுத்து வைப்பார். பெட்டி வாங்க வந்தவரைப் பெட்டியே தேவையில்லை என்று வெறும் கேபிளோடு அனுப்பியதும் உண்டு.

நான் போயிருந்த வியாழக்கிழமை கீரப்பாளையத்திலிருந்து கலியமூர்த்தி வந்திருந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர். பெரிய டிஸ்க், பழைய பெட்டியில் சொருகும் இடம் ஆடுகிறது என்று புதிதாக ஒரு மெட்டல் பெட்டி வாங்கி, டிஸ்க்கை அதற்கு மாற்றியிருக்கிறார். சொருகியதும், எல்லாவற்றையும் அழித்து ஃபார்மேட் பண்ணவா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது.

“ஓகே அமுக்குனீங்களா?”

“இல்லக்கா. பயந்துபோயி நோ குடுத்துட்டேன்.”

“அந்த பயந்தான் தம்பி உங்கள காப்பாத்தியிருக்கு.”

டிஸ்க்குக்குள் அவர் ஊர்ப் பெரியவர் இளவரசு வீட்டுப் பெண்ணின் கல்யாணம் இருந்தது. வேறெங்கும் இல்லை. கேமரா கார்டை அழித்து அடுத்த கல்யாணத்தையும் எடுத்தாயிற்று. “வீடியோ வாங்க ஞாயித்துக்கிழம வரேன்னுட்டாரு. இல்லன்னு சொன்னா அந்தப் பக்கத்துல எவன்க்கா என்ன கூப்புடுவான்?”

ரெபேக்கா கேட்டது ஒன்றுதான். “பழைய பெட்டி எங்க?”

“அது எதுக்கு? தூக்கிப் போட்டாச்சி.”

“உள்ளாற ஒரு போர்டு இருக்கும். சில போர்டு தனக்குன்னு ஒரு கணக்கு வச்சி எழுதும். அது எழுதனத இன்னொன்னு படிக்காது. டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கு. பெட்டியத் தேடுங்க.”

கலியமூர்த்தி மனைவி மாரியம்மாளுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“அதுவா மாமா? ஊக்கு போட்டு வச்சிருக்கேன்.”

“அப்படியே எடுத்தாம்மா,” என்றார் ரெபேக்கா ஃபோனுக்குள் குனிந்து. “எதையும் கழட்டாத. அடாப்டரையும் கொண்டா.”

மத்தியானம் இரண்டு பஸ் மாறி மாரியம்மாள் வந்தார். கைக்குட்டையில் முடிந்த பெட்டி. அதற்குள் ஊக்கு, ஜாக்கெட் கொக்கி, இரண்டு பட்டன். கணவரைப் பார்த்து, “குப்பையில போட்டத நான்தான் எடுத்து வச்சேன். ஞாபகம் வச்சிக்க,” என்றார்.

ரெபேக்கா ஊக்குகளை ஒரு காகிதத்தில் கொட்டினார். போர்டைப் பிரஷால் துடைத்து, ஆடிய இடத்தில் புதிதாக ஈயம் வைத்தார். டிஸ்க்கைப் பொருத்தி ஸ்விட்சைப் போட்டுவிட்டு, மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். கலியமூர்த்தி திரையைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தார்.

“சுத்துது,” என்றார் ரெபேக்கா.

திரையில் மணமேடை வந்தது. பெண் தலைகுனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கலியமூர்த்தி ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

வேறொரு டிஸ்க்கில் எல்லாம் ஏறி முடிய அந்தி ஆகிவிட்டது. “இனிமே இது வேணாம்லக்கா?” என்று மாரியம்மாள் பழைய பெட்டிக்குக் கை நீட்டினார்.

ரெபேக்கா டிஸ்க்கை அதற்குள்ளேயே வைத்து நாலு ஸ்க்ரூவையும் முறுக்கினார். பிறகு தன் ஸ்க்ரூ டப்பாவை மேஜைமேல் கவிழ்த்துக் காலி செய்து, காகிதத்திலிருந்த ஊக்குகளை அதில் போட்டு, மூடி, மாரியம்மாள் கையில் கொடுத்தார்.