நான் மூன்று முறை ராஜினாமா செய்த ஃபிளக்ஸ் கடை

ஞாயிறு காலை ஒன்பதரை மணி, இருபத்தேழு போட்டோ, தன்யஸ்ரீ என்று ஒரு பெயர்: ஃபிளக்ஸ் கடைக்கு ஒரு காதணி விழா இப்படித்தான் வந்து சேரும்.

ஜலகண்டாபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரே சண்முகண்ணன் வைத்திருந்த கடையில், கல்லூரி போக மீதி நேரத்துக்கு என்று சேர்ந்தேன். சண்முகண்ணனுக்கு மெஷின் தெரியும், டிசைன் தெரியும். ‘ழ’ மட்டும் ஆகாது. வாசகம் அடிப்பதும் பிழை பார்ப்பதும் என் வேலை. பகுதி நேரம் என்று நம்பி எங்காவது போய் மாட்டிக்கொண்ட சகபாடிகளுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் படித்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளலாம்.

பாப்பா எங்கே?

வந்தவர் தன்யஸ்ரீயின் தாய்மாமன். இருபத்தேழு முகங்களையும் திரையில் அடுக்கினேன். கூலிங்கிளாஸ் போட்டவர், செல்போனில் பேசுபவர், புல்லட்டில் சாய்ந்தவர் என்று எல்லோரும் வந்துவிட்டார்கள். நடுவில் தாய்மாமன், மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. காது குத்திக்கொள்ள வேண்டிய குழந்தையைத்தான் காணோம். பாப்பா படம் எங்கேங்க என்று கேட்டேன்.

“பாப்பாவ மண்டபத்துக்கு வந்தாப் பாத்துக்கறாங்க. நாங்க எத்தன பேருன்னு ரோட்டுல போறவனுக்குத் தெரிய வேண்டாமுங்களா?”

முதல் ராஜினாமா

இறுதித் தேர்வு முடிந்தது. இயற்பியல் பட்டம் வாங்கிவிடுவேன் என்று எனக்கும் கல்லூரிக்கும் ஓரளவு நம்பிக்கை இருந்தது. எந்த வேலைக்குப் போவது என்று தெரியாவிட்டாலும், இந்த வேலை இல்லை என்பது தெரிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சண்முகண்ணன் எதிரில் போய் நின்றேன்.

“அண்ணா, படிப்பு முடிஞ்சுதுங்க. அப்ப நான் வாரேனுங்க.”

எங்கள் பக்கம் கிளம்புகிறவன் யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. வருவதற்கும் வாரேன்தான், போவதற்கும் வாரேன்தான். சண்முகண்ணன் முதலாவதை எடுத்துக்கொண்டார். என் பகுதி நேர வேலை முழு நேரமானது இந்த ஒரு வரியில்:

“வா சாமி, வா. காலேஜுதான் இல்லையே, இனி காலையில ஒம்போது மணிக்கே வந்துரு.”

உயிரோடு ஒரு அஞ்சலி

இது முழுக்க என் பிழை. பக்கத்து ஊரில் குப்புசாமி என்பவர் காலமானார். குடும்பத்தார் கொடுத்த போட்டோவில் அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து நின்றார்கள். ஒரே மீசை, ஒரே வழுக்கை. நான் அண்ணனை வெட்டியெடுத்துக் கண்ணீர் அஞ்சலியில் வைத்துவிட்டேன்.

ஏழு மணிக்கு பேனர் ஊருக்குள் நின்றது. ஒன்பது மணிக்கு அண்ணன் எங்கள் கடையில் நின்றார். வரும் வழியில் அவரைப் பார்த்து ஒருவர் மொபட்டோடு வேலிக்குள் போய்விட்டாராம். சண்முகண்ணன் ஏதோ வேலையாக மெஷினுக்குப் பின்னால் மறைந்தார். அடி எந்தக் கன்னத்தில் விழும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பெரியவர் அந்தப் படத்தைத் திரையில் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“எந்தம்பி படத்தப் போட்டு வேற அடிச்சுக் குடு. ஆனா இது நல்லா உழுந்திருக்குது, அழிச்சுராத. பேர மாத்திட்டு, தேதி எடத்த மட்டும் காலியா உட்டு வெய்யி சாமி.”

இரண்டாம் ராஜினாமா

வாயைத் திறந்தால் வாரேன் என்றுதான் வருகிறது என்பதால் எழுத்துக்கு மாறினேன். ‘தங்கள் நிறுவனப் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்’ என்று தொடங்கி, ஒற்றுப் பிழை இல்லாமல் ஒரு முழுப் பக்கம். அந்தக் கடையில் கையால் எழுதிய தாளுக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு என்பதை மறந்துவிட்டேன். சண்முகண்ணன் வாங்கி, படிக்காமலே ஆர்டர் கிளிப்பில் செருகினார்.

“அளவு சொல்லு சாமி. ஆறுக்கு நாலா, பத்துக்கு எட்டா?”

அப்பாவின் கேள்வி

வீட்டில் என் எதிர்காலம் வேறு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. தறி ஓட்டும் அப்பா, பேங்க் பரீட்சை எழுதச் சொன்னார். மாமா, திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி ஆபீசில் சூப்பர்வைசர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். இரண்டுக்கும் நடுவில், சேலத்து நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியர் பயிற்சிக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்தேன். விளம்பரத்தில் ஒரு ‘ற’ தப்பு. நமக்கு அங்கே வேலை இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“ஊருக்குள்ள நடக்கறது டீக்கடைக்கு வாரதுக்குள்ளயே எனக்குத் தெரிஞ்சு போகுது. அத எழுதறதுக்கு ஒரு டிகிரியா?”

நேர்முகம்

செய்தி ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இதுவரை செய்ததில் பெரிய பிழை எது? நன்றாக இருந்த ஒரு மனிதரைக் காலமாக்கியதைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“ஒருத்தர்தானா? அப்ப தாராளமா சேரலாம். திங்கக்கிழமை பத்து மணிக்கு இங்க இருக்கணும். வரலைன்னா வரிசையில அடுத்த ஆள் நிக்கிறான்.”

மூன்றாம் ராஜினாமா

சனிக்கிழமை ஆர்டர் கிளிப்பில் பதினான்கு தாள் தொங்கியது, என்னுடையது அடியில். வைகாசி முகூர்த்தம் நெருக்கிக்கொண்டிருந்தது. “திங்கக்கெழம வெள்ளன வந்துரு சாமி” என்றார் சண்முகண்ணன். பழக்க தோஷத்தில் நாக்கு ‘வா’ வரைக்கும் போய்விட்டது. வாரேன் என்று முடித்திருந்தால் சேலத்தில் அடுத்த ஆள் உட்கார்ந்திருப்பான்.

“அண்ணா, நான் போறேனுங்க.”

கல்யாண பேனருக்கு வந்திருந்த இருவரும் காதைப் பொத்தாத குறை. சண்முகண்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்தார். “என்ன சாமி, அந்தச் சொல்லச் சொல்லிட்டே” என்றார். பிறகு கிளிப்பின் அடியிலிருந்து என் கடிதத்தை உருவி, முதல் தடவையாகப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“செரி. போ. இனி எந்த ‘ழ’ எங்க வரும்னு நான் யாரக் கேக்கறது?”

மூன்று ராஜினாமாவில் ஒன்று செல்லுபடியானது என்பதுதான் நான் தொழில் தேர்ந்தெடுத்த கதை. ஜூன் மாதத்து முதல் திங்கட்கிழமை, காலை எட்டே கால் மணிக்கு நான் சேலம் பஸ் ஏறியபோது, பஸ் நிலையத்துக்கு எதிரே ‘வாள்த்துகள்’ என்ற தலைப்போடு எட்டுக்கு நாலு அளவில் எனக்கு ஒரு பேனர் நின்றது. அதில் பதினொரு படம், என் படம் இல்லை.