பெனியாமினா வாத்தியாரின் வலது கால்

பெனியாமினா வாத்தியாருக்கு இடது கால் போனது எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு நல்லதாகப் போயிற்று. அதற்கு முன்பு, நல்ல சாப்பாடு, நல்ல உடம்பு என்று சுகாதாரத் துறை அனுப்பிய சுவரொட்டி மட்டும்தான் எங்களிடம் இருந்தது. பிள்ளைகள் பனிகேக்கேயை, அந்த எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையை, வாயில் அதக்கிக்கொண்டே அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். படித்து முடித்ததும் சுவரிலேயே கையைத் துடைத்தார்கள்.

வாத்தியார் என்று கூப்பிட்டோமே தவிர, அவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்ல. பட்டம் வாங்கிக்கொண்டு எங்கள் ஊருக்குத் திரும்பிய முதல் ஆள் நான்தான். அவர் இளவயதில் மாவட்ட ரக்பி அணியில் முன்வரிசையில் மோதியவர். அந்தத் தகுதி போதும் என்று பள்ளிக் குழு அவரை உடற்பயிற்சிக்கு வைத்துக்கொண்டது. வேலை எளிது. வாதாம் மரத்தடியில் முக்காலி போட்டு, கழுத்தில் விசிலோடு காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். ஒரு ஊதலுக்கு ஓட வேண்டும், இரண்டு ஊதலுக்கு நிற்க வேண்டும்.

“டேய் கொழுத்த பன்னி, ஓடுறா! ஞாயித்துக்கிழமை கல்லடுப்புல உன்னத்தான் வைக்கப் போறாங்க!” என்பார், ஆரஞ்சு சோடாவை ஒரு மடக்குக் குடித்துவிட்டு. அவரைவிடப் பருத்த ஆள் எங்கள் பக்கத்தில் இல்லை. யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. பருத்த ஆள் என்றால் மதிக்கப்பட்ட ஆள், நாலு வீட்டில் கூப்பிட்டுச் சோறு போட்ட ஆள்.

பவளப்பாறையில் மீன் பிடிக்கப் போனவருக்குக் கால்விரலில் கீறல். சர்க்கரை உடம்பு, அவருக்கு வலி தெரியவில்லை. நாற்றம் வந்தபிறகு மனைவி ஃபுவாத்தீனோதான் கண்டுபிடித்தாள். நகரத்து ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவரைப் பிள்ளைகள் முன்னால் பேசவைக்கலாம் என்று எங்கள் தலைமையாசிரியருக்குத் தோன்றியது. பெனியாமினா ஊர்ச்சபையில் பேச்சுத் தலைவர் பட்டம் உள்ளவர். செத்தவனைப் பிடிக்காதவர்களைக்கூட அழவைக்கிற வாய். அந்தப் பட்டத்துக்குரிய கோலை ஊன்றி ஒற்றைக் காலில் எழுந்து, வேட்டியைத் தூக்கி, மொட்டைக் காலைக் காட்டினார்.

“இங்க ஒரு கால் இருந்துச்சு, தெரியுதா? நான் அத தின்னுட்டேன். டின் மாட்டுக்கறியா, பனிகேக்கேயா, சோடாவா, கொஞ்சங்கொஞ்சமா தின்னேன். பொய் சொல்லப்படாது, ருசியாத்தான் இருந்துச்சு.”

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் வாந்தி எடுத்தாள். வாசலில் பனிகேக்கே விற்கிறவளுக்கு அன்று வியாபாரமே இல்லை. அடுத்த வாரம் பழையபடி கூட்டம் கூடிவிட்டது. ஆனால் அதற்குள் செய்தி மற்ற பள்ளிக்கூடங்களுக்குப் போய்விட்டது. அந்தக் கால் எங்களுக்கும் வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள்.

பேச்சுத் தலைவர் வந்து பேசிவிட்டு வெறுங்கையோடு போகக் கூடாது. அது ஊருக்கே அவமானம். முன்காலத்தில் இளநீரும் மெலிதாகப் பின்னிய நுண்பாயும் பன்றியும் கொடுத்தார்கள். இப்போது இளநீருக்குப் பதில் சோடா டின், அதன் வளையத்தில் செருகிய பண நோட்டு, எங்கள் தாலா. பின்னாலேயே டின் மாட்டுக்கறி, டின் மீன் பெட்டி, கெட்டி பிஸ்கட் பெட்டி, உப்பு மாட்டிறைச்சி வாளி. எதைத் தின்னாதே என்று அவர் பேசினாரோ அதையே பிள்ளைகள் வரிசையாகத் தூக்கிவந்து அவர் முன்னால் வைப்பார்கள். யாரும் சிரிக்கவில்லை. மரியாதை வேறு, பாடம் வேறு.

ஓட்டிப் போகிறவன் ஃபுவாத்தீனோவின் தம்பி அலேசானா. சின்னக் கார். முதல் தடவையே சாமான் கொள்ளவில்லை.

“மச்சான், ஒங்க இடது பக்கம் சும்மாத்தான கெடக்கு?” என்று கால் வைக்கிற இடத்தில் ஒரு மீன் பெட்டியைச் செருகினான். பின்சீட்டில் ஃபுவாத்தீனோவும் பிள்ளைகளும் சிரித்தார்கள். பெனியாமினாவும் சிரித்தார்.

வீடு நிறைந்தது. ஃபுவாத்தீனோ சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் வாரி அனுப்பினாள், நல்ல பெயர் வாங்கினாள். தானும் தின்றாள், அவருக்கும் போட்டாள்.

கட்டு மாற்ற வருகிற நர்ஸ் லோசா, மாமா மகள் முறையில் எனக்குச் சொந்தம், ஒருநாள் அவருடைய வலது கால் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தாள். அவர் அசையவே இல்லை.

“அண்ணே, அடுத்ததையும் தின்ன ஆரம்பிச்சுட்டீங்க.”

“குடுக்கறத வேணாங்கறதுக்கு எனக்கு வாய் வரல லோசா.”

“தின்னுறதுக்கு வருதுல்ல?”

பெனியாமினா மூலையில் சாத்தியிருந்த கோலைப் பார்த்தார். ஊர்த் திடலில் பேச்சுத் தலைவர் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். கோலும் ஒரு காலும் இருக்கிறவரைக்கும் நிற்கலாம். அதுவும் போனால் வீட்டுக்குள் உட்கார்ந்து அடுத்தவன் பேசுவதைக் கேட்க வேண்டியதுதான். அவரிடம் வேறு சொத்து கிடையாது.

“அடுத்த வாரம் ஃபாங்காலோ பள்ளிக்கூடம்” என்றார் மெல்ல. “அங்க மாசினா ஒன் கூட படிச்சவதான? சத்தான பொருளா குடுக்கச் சொல்லு. காய், பழம், எதாச்சும். நான் கேட்டேன்னு மட்டும் வாயத் தொறந்துறாத.”

தனக்கு இன்னது கொடு என்று கேட்கிற பேச்சுத் தலைவரை நாய்கூட மதிக்காது. லோசா ஒப்புக்கொண்டாள். கேட்டது யார் என்று மாசினா தானாகவே ஊகித்துக்கொண்டாள்.

ஃபாங்காலோவில் தலைமையாசிரியை மாசினா பிரமாதமாக நடத்தினாள். பிள்ளைகள் திடலைச் சுற்றி ஓடினார்கள். அவர் காலைக் காட்டினார். பிறகு பச்சைத் தென்னங்கூடையில் வெள்ளரிக்காய், பப்பாளி, சுட்ட சேப்பங்கிழங்கு, நிஜமான இளநீர், அதில் செருகிய நோட்டு எல்லாம் வந்தன. “வாத்தியார் சொன்னத நாங்க இன்னைக்கே செய்யறோம்” என்றாள் மாசினா. பெனியாமினாவுக்கு முகமெல்லாம் பல்.

திரும்பும்போது பாதி வழியில் அலேசானா சொன்னான்: “காருக்கே வெக்கமா இருக்கு மச்சான்.”

ஃபுவாத்தீனோ வெள்ளரிக்காய்களைப் பாயில் வரிசையாக அடுக்கிவைத்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். “பாருங்க, எம் புருஷன் பேச்சோட வெலை!”

கடைசி பஸ்ஸிலேயே அந்தப் பேச்சு ஃபாங்காலோவுக்குப் போய்விட்டது. ஒரு பேச்சுத் தலைவரை வெள்ளரிக்காய் கொடுத்து அனுப்பிவிட்டோமே என்று அங்கே சபை கூடியது. மாசினாவின் குடும்பம் ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பு.

விடியற்காலையில் வந்து பெனியாமினா வீட்டு முற்றத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்தார்கள். கொலை நடந்தால் கொன்றவன் வீட்டார் மன்னிப்புக் கேட்டு இப்படித்தான் தலையில் நுண்பாய் போர்த்திக்கொண்டு உட்காருவார்கள். வெள்ளரிக்காய்க்கு அது வேண்டாம் என்று பாயை மடியில் வைத்திருந்தார்கள். சுட்ட பன்றி ஒன்றை மாசினாவின் அண்ணன்மார் தூக்கிவந்தார்கள். உப்பு இறைச்சி வாளிகளும் இருந்தன. மாசினா கடைசி வரிசையில் தலை குனிந்திருந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். லோசா மருந்துத் தட்டோடு நின்றாள்.

“ஐயா, எங்க புள்ள படிச்ச புள்ள” என்று ஆரம்பித்தார் அந்த ஊர்ப் பெரியவர். “படிச்சதால மரியாதை தெரியாமப் போச்சு.” படிச்ச என்ற சொல்லுக்கு இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவர்களை நன்றாகவே பார்த்தேன்.

மாசினா தலையைத் தூக்கினாள். கெஞ்சவில்லை, அவரையே பார்த்தாள். கேட்டது நான்தான் என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும், பன்றி திரும்பிப் போயிருக்கும். அவளும் நிமிர்ந்து போயிருப்பாள்.

பெனியாமினா கோலை ஊன்றி வலது காலில் எழுந்து நின்றார். அவர் வாழ்நாளில் பேசியதிலேயே அழகான பேச்சு அன்றைக்குத்தான் வந்தது. கடலைச் சொன்னார், முன்னோரைச் சொன்னார், இரண்டு ஊருக்கும் இருந்த பழைய சம்பந்தத்தைச் சொன்னார். கடைசியாக, “சின்னப் புள்ளை தெரியாமப் பண்ணுனத பெரியவங்க மனசுல வச்சுக்கப்படாது. மன்னிச்சேன்” என்றார்.

மாசினா தலையைக் குனிந்துகொண்டாள்.

மன்னித்ததை ஊர் கண்ணால் பார்க்க வேண்டும். கொழுப்பு வடிகிற பன்றித் தொடையை அவர் முன்னால் வைத்தார்கள். தின்றார். சோடாவை உடைத்துக் கொடுத்தார்கள். குடித்தார். இரண்டு ஊர்க்காரர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லோசா கட்டு மாற்றாமலே மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உள்ளதை அவள் என்னிடம் சொன்னது அன்றுதான். வெளியே சொன்னால் மாசினா பொய்க்காரி ஆவாளே தவிர அவர் ஆக மாட்டார் என்றும் சொன்னாள்.

அதன்பிறகு எந்தப் பள்ளிக்கூடமும் சிக்கனம் பிடிக்கவில்லை. ஃபாங்காலோவோடு போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் விருந்துகள் முடிந்தபோது வலது கட்டைவிரல் கறுத்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கால் தொடைவரை போய்விட்டது.

கோலைத் தம்பி மகனிடம் கொடுத்தார்கள். புதுப் போதகர் வந்த அன்று அந்தப் பையன் திடலில் நின்று திக்கித் திக்கிப் பேசினான். பெனியாமினா வீட்டுக்குள் பாயில் உட்கார்ந்து, அவன் தவறவிட்ட வார்த்தைகளைத் தனக்குள் முணுமுணுத்தார். வெளியே ஒருவருக்கும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடங்கள் மட்டும் முன்னைவிட அதிகமாகக் கூப்பிட்டன. “ரெண்டும் போனதுல பசங்களுக்கு இன்னும் நல்லா மனசுல பதியும்” என்றார் எங்கள் தலைமையாசிரியர். அடுத்து எந்தக் கையைத் தின்பார் என்று ஏழாம் வகுப்பில் பந்தயம் கட்டியிருந்தார்கள்.

முதலில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். நாற்காலியில் தூக்கி வைத்தோம். பேசினார், காட்டினார், ஒரு ஊதல் ஊதினார், பிள்ளைகள் ஓடினார்கள். பிறகு வரிசையாகப் பெட்டிகள் வந்தன.

அலேசானா அவரைத் தூக்கி முன்சீட்டில் வைத்தான். பின்பெட்டி நிறைந்துவிட்டது. பின்சீட்டில் ஃபுவாத்தீனோவும் பிள்ளைகளும் இருந்தார்கள். மிச்சச் சாமானோடு முன்கதவைத் திறந்தான்.

“மச்சான், கொஞ்சம் கால…” என்று ஆரம்பித்தவன், நிறுத்திக்கொண்டு சிரித்தான். “சரி சரி, எடம் இருக்கு.”

கால் வைக்கிற இடத்தில், இரண்டு பக்கமும் சேர்த்து, இறைச்சி வாளியையும் மீன் பெட்டியையும் தாராளமாக அடுக்கினான். அவர் சோடா டின்னை அந்தப் பெட்டியின் மேல் வைத்து, வளையத்திலிருந்து நோட்டை உருவி மனைவியிடம் நீட்டினார்.

“பிஸ்கட் பெட்டிய மேல வைடா. உப்புத் தண்ணி சிந்தி நமுத்துப் போவும்” என்றார்.