சுவரில் காது வைப்பவள்

வறுக்கிற தாச்சியில் மணல் கொதித்தாலும் உம்மு குல்சும் உடனே கச்சான் கடலையைக் கொட்டமாட்டாள். முதலில் இடக்காதைத் தியேட்டர் சுவரில் வைப்பாள். தியேட்டர் பூட்டிப் பல வருசம். உள்ளே எலி ஓடினால் உண்டு. ஆனாலும் காது சுவருக்குப் போய் வந்த பிறகுதான் கச்சான் மணலில் விழும்.

கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் அறையெடுத்துத் தங்குகிற எங்கள் சந்தியில், கண்டி வீதியோரம், நாற்பது வருசமாக அவள் முதுகு சாய்வது இந்தச் சுவரில்தான். படம் ஓடிய காலத்தில் அந்தக் காதுதான் அவளுக்குக் கடிகாரம். சண்டை முடிந்து கதாநாயகி அழத் தொடங்கினால் இடைவேளைக்குப் பத்து நிமிசம். சனம் வெளியே வரும்போது கச்சான் சுற்றிய காகிதச் சரையைப் பிடித்த கை சுடவேண்டும்.

அத்தனை படத்தையும் கேட்டவள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. "நா உள்ளுக்கு போனா கச்சான ஒன்ட புருசனா வறுக்கிற?" என்பாள். என் புருசன் செத்துப் பன்னிரண்டு வருசமென்று அவளுக்குத் தெரியும். நாக்கு அப்படி. பக்கத்தில் வெற்றிலைத் தட்டு வைத்திருக்கும் எனக்கும் நாக்கு நீளம்தான். அதனால்தான் ஒத்துப்போகிறது.

நடிகர்களுக்கெல்லாம் அவளே முகம் வைத்திருக்கிறாள். அடித்தொண்டையில் பேசுகிற ஒருவனுக்கு இறைச்சிக்கடை நஸீபின் முகம். அந்த நடிகரின் போட்டோவைக் காட்டினால், "இவனில்ல, அவன் இன்னம் கறுப்பு" என்று தள்ளிவிடுவாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கம்பஸுக்கு வந்திருக்கும் சஞ்சீவனி, தியேட்டரின் வரலாற்றை எழுதக் கொப்பியோடு வந்தாள்.

"அம்மா, இத எந்த வருசம் மூடினவை?"

"என்ட எளைய மகள் கலியாணம் முடிச்ச வருசம். கடைசி நாள் பதினொரு பேர். அதுல ரெண்டு பேருக்குப் பல்லில்ல, கச்சான் வாங்கல்ல."

பிள்ளை அதையும் எழுதிக்கொண்டாள்.

உம்முவுக்கு ஒரு பெருமை உண்டு. தான் கூவினால் உள்ளே கேட்குமாம். கேட்டதும் கலரியில் இருந்தவனுக்கு வாயூறுமாம்.

"நானும் உள்ள அஞ்சு படம் பாத்திருக்கேன். ஒன் சத்தம் ஒரு நாளும் காதுல விழல" என்பேன் நான்.

"நீ தூங்கிருப்ப."

வருசக்கணக்காக இதே சண்டை. போன திங்கள் கட்டடத்தை உடைக்க ஆட்கள் வந்தார்கள். வெள்ளிக்குச் சுவர் இருக்காது என்றார்கள். அன்று உம்மு சண்டைக்கு வரவில்லை. தாச்சியைப் பார்த்தபடி, "அப்ப நா இவ்வளவு காலமும் செவத்துக்கா கத்தின?" என்று மட்டும் கேட்டாள். எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

சஞ்சீவனி வேலையாட்களிடம் அரைகுறைச் சிங்களத்தில் கெஞ்சிப் பக்கக் கதவைத் திறப்பித்தாள்.

"நல்லம்மா, நா உள்ளுக்கு இருக்கிறன். கதவச் சாத்திட்டு, என்ட எடத்துல நின்டு கூப்புடு" என்றாள் உம்மு என்னிடம்.

"வெத்தலக்காரி கச்சான் விக்கிறதா?"

"ஒரு நாளைக்கு வித்தா ஒன்ட மானம் போகாது."

உம்மு செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சஞ்சீவனி கதவைச் சாத்தினாள்.

பாவமென்று விட்டுக்கொடுக்கிறவள் நானில்லை. கண்டி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும் நேரம் பார்த்துத்தான் கூவினேன்.

"சூடு கச்சா...ன்!"

கம்பஸ் பொடியன்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பஸ் போய்விட்டது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சஞ்சீவனி கொப்பியை மூடினாள்.

கதவு கிறீச்சிட்டு ஒரு சாண் திறந்தது. நுனி கருகிய விரல்களோடு ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. ஆள் வரவில்லை. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. விரல்கள் அவசரமாக இரண்டு தரம் மடங்கி விரிந்தன.

சரை நிறையக் கச்சான் போட்டு அந்தக் கையில் வைத்தேன். கை உள்ளே போனது. கதவு மறுபடி சாத்திக்கொண்டது.