கூடத்துச் சுவரில் அப்பா நிறுத்திய வேலை

அப்பாவின் இறுதிச் சடங்குக்கு வந்த உறவினர்களில் பலர் எங்கள் கூடத்தின் மேற்குச் சுவரைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மர வேலையைப் பாதியில போட்டு வச்சிருக்கீய?" என்று என்னிடம் கேட்டீர்கள். அன்று பதில் சொல்லத் தெம்பில்லை. ஓராண்டு நிறைவுக்கு நினைவு மலர் அச்சிடலாம் என்று தம்பி சொன்னபோது, அந்தப் பதிலையே எழுதிவிடுகிறேன் என்றேன்.

அப்பா பிறந்தது மேலநீலிதநல்லூரில், மழையை நம்பிய விவசாயக் குடும்பத்தில். கஷ்டப்பட்டுப் படித்து, எழுத்தராக வேலைக்குச் சேர்ந்து, சங்கரன்கோவிலில் வீடு கட்டினார்கள். அம்மா போன பிறகும் எங்களுக்கு ஒரு குறை வைத்ததில்லை. எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் அவர்களிடம் கிடையாது.

அந்த மேற்குச் சுவரில் ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் ஓதம் ஏறும். என்ன பெயிண்ட் அடித்தாலும் தை மாதத்துக்குள் பொரிந்து உதிரும். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரும் சொந்தக்காரர்கள் அதில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு முதுகெல்லாம் வெள்ளையாகப் போவது அப்பாவுக்குப் பெரிய வருத்தம். ஓய்வுபெற்றதும் மரப் பேனல் அடிப்பதென்று முடிவு செய்தார்கள்.

ஆசாரி வந்து சுவரைத் துளைத்து, பலகைக்கு வேண்டிய சட்டங்களை முடுக்கினார். பாதிச் சுவருக்குப் பலகையும் ஏறியது; மிச்சத்துக்குக் குறுக்குச் சட்டம் முடுக்க இன்னும் துளைக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் தம்பி மனைவி உண்டாகியிருப்பது தெரிந்தது. பல வருடம் ஏங்கி, இரண்டு முறை கலைந்த பிறகு வந்த பிள்ளை. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் சுவரைத் துளைக்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். அப்பா அன்றைக்கே வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"துளையே வேண்டாம் அண்ணாச்சி, பசை வச்சு ஒட்டிருதேன்" என்றார் ஆசாரி.

"ஓதம் குடிச்ச சுவத்துல பசை நிக்குமா வே? பிள்ளை பொறக்கட்டும், பொறவு பாப்போம்."

ராகு காலத்தில் இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியவர்கள் அப்பா. எனக்கு எரிச்சலாக வந்தது. சட்டங்களுக்கு நடுவே சேரும் தூசியைத் தினமும் தட்டுகிறவள் நான்தானே. "என்னப்பா, புதுசா சாஸ்திரம் பாக்கீய?" என்றேன்.

"எனக்கு என்ன நம்பிக்கை ஏட்டி? நாளைக்கு அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நாம சுவத்தைக் குடைஞ்சதாலதான்னு ஊரு சொல்லும். அவளும் அதையே நெனச்சு நெனச்சு நொந்துபோவா" என்றார்கள்.

அதன்பின் அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. டயாலிசிஸுக்காகத் திருநெல்வேலிக்கும் வீட்டுக்கும் அலைந்து அலைந்து நாங்கள் ஓய்ந்துபோனோம். கூடத்தில்தான் கட்டில், கண்ணுக்கு நேரே அந்த மொட்டைச் சட்டங்கள். இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொன்னதும் தம்பி மனைவி கெஞ்சினாள்: "மாமா, நான் புளியங்குடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருதேன். நீங்க வேலைய முடிச்சுக் கண்ணால பாத்துருங்க."

"எங்கன இருந்தாலும் நீ இந்த வீட்டுப் பிள்ளைதானம்மா. சுவரு எங்கயும் ஓடிராது."

அப்பா பார்க்கவில்லை. பேத்தியையும் பார்க்கவில்லை. பிரசவத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது போய்விட்டார்கள். பிறகு அந்தச் சுவரைத் தொட எங்களுக்கு மனம் வரவில்லை.

அப்பாவைக் காரில் ஏற்றி இறக்கிய பக்கத்து வீட்டாருக்கும், இரத்தம் கொடுத்த தம்பியின் நண்பர்களுக்கும், பதினாறாம் நாள் வரை சோறு கொண்டுவந்த மதினிமார்களுக்கும், கூப்பிட்டதும் மறுபடி வந்த ஆசாரிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நாங்கள் ஓய்ந்து உட்கார்ந்தபோது நீங்கள்தான் தாங்கினீர்கள்.

ஓராண்டு நிறைவுக்குள் முடித்துவிடுவோம் என்று நாங்கள் கூப்பிட, போன மாதம் ஆசாரி மிச்சச் சுவரைத் துளைக்கத் தொடங்கினார். குழந்தை பயந்துவிடுவாளே என்று தொட்டிலருகே ஓடினோம். அவள் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சத்தத்துக்கா மதினி, மாமா பயந்தாவ?" என்று கேட்டாள் தம்பி மனைவி.

அப்பா என்னிடம் சொன்ன காரணத்தை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் அழுவதைப் பார்த்து ஆசாரி வேலையை நிறுத்தினார்.

"நிறுத்தாதீய அண்ணாச்சி, முடிச்சிருங்க" என்றாள், கண்ணைத் துடைக்காமலே.