பிஸ்கெட் டப்பாவுக்குள் ஒரு டெலிபோன் லைன்

ஈயம் உருகும்போது எழும் அந்தக் காட்டமான புகை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குப் பசி எடுக்கும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, தாம்பரத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் அந்தப் புகையைக் குடித்துத்தான் வளர்ந்தேன். பிறகு ஸ்டெபிலைசர் கட்டினேன், கல்யாண மண்டபங்களுக்கு சீரியல் செட் கட்டினேன், சொந்தக் கடை கட்டினேன், மாடி வீடும் கட்டினேன்; எதற்கும் ஒருவரும் கைகொடுத்ததில்லை. ஆனால் நான் கட்டியதிலேயே பெரியது எது என்று கேட்டால், மீசை முளைக்கும் வயதில் ஒரு பிஸ்கெட் டப்பாவுக்குள் கட்டியதைத்தான் சொல்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பல வருஷம் காத்திருந்த பிறகு பெருங்களத்தூரில் எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்தது. ஒரே லைன். கூடத்தில் ஒரு போன், அக்கா அறையில் அதிலிருந்தே இழுத்த 'எக்ஸ்டென்ஷன்', போதாததற்கு அண்ணனின் ஃபேக்ஸ் மெஷின். அண்ணன் திருமுடிவாக்கத்தில் பட்டறை வைத்திருந்தார். அங்கே லைன் கிடைக்காததால், கம்பெனிக்காரர்கள் அனுப்பும் உதிரிபாக டிராயிங் எல்லாம் வீட்டுக்குத்தான் வரும். தெருவில் பாதிப் பேருக்கு எங்கள் நம்பர்தான் 'பி.பி. நம்பர்', அவர்களுக்குப் போன் வந்தால் நாங்கள் ஓடிப் போய்க் கூப்பிட வேண்டும்.

மணி அடித்ததும் அம்மா எடுப்பாள். ஃபேக்ஸ் என்றால் காதில் 'கீய்ங்' என்று சத்தம் வரும்.

"எவன்டா அவன், பொம்பள போன எடுத்தா விசிலடிக்கிறவன்? உனக்கு அக்கா தங்கச்சி இல்ல?"

"யம்மா, அது மிஷினும்மா, வைம்மா!" என்று அண்ணன் அலறுவார்.

"மிஷினா இருந்தா மட்டும் மரியாதை வேணாமா?"

அதற்குள் டிராயிங் பாதியில் அறுந்திருக்கும்.

அக்காவின் பாடுதான் பரிதாபம். கல்யாணமான கையோடு மாமா மஸ்கட் போய்விட்டார்; வெள்ளிக்கிழமை மட்டும் பூத்தில் வரிசையில் நின்று பேசுவார். நாங்கள் ஓடி வந்து எடுப்பதற்குள் ஃபேக்ஸ் முந்திக்கொள்ளும். ஒருவழியாகக் கிடைத்த ஒரு வாரம் மாமா கேட்டாராம்: "நான் போன் பண்ணாலே உங்க வூட்ல விசிலுதான் வருது. என்னாண்ட பேசப் புடிக்கலியா?" அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை.

அப்போதுதான் நான் இறங்கினேன். பழைய டேபிள் ஃபேனில் இருந்து ஒரு திருகு சுவிட்சைக் கழற்றி, பிஸ்கெட் டப்பாவில் ஓட்டை போட்டுப் பொருத்தினேன். இடது பக்கம் திருப்பினால் போன், வலது பக்கம் ஃபேக்ஸ். ஒன்றில் இருக்கும்போது மற்றது தலையிட முடியாது. டெஸ்டரில் இருக்கும் குட்டி பல்பு ஒன்றையும் வைத்தேன். யார் கூப்பிட்டாலும் அது மினுக்கும். சாதாரணமாகத் திருகு ஃபேக்ஸ் பக்கமே இருக்கும் என்பதால் மாமாவுக்கு ஒரு விதி: ஒரே ஒரு 'ரிங்' கொடுத்து 'கட்' செய்துவிட்டு மறுபடி கூப்பிட வேண்டும். அந்த இடைவெளியில் நாங்கள் திருகைப் போன் பக்கம் திருப்பிவிடுவோம். டப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து காய் நறுக்குவது அம்மாவின் டியூட்டி.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் புள்ள கண்டுபுடிச்சது" என்று இந்த விதியைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். விளைவு, பி.பி. ஆட்களைக் கூப்பிடுகிறவர்களும் ஒரு ரிங் விட்டுக் கட் செய்ய ஆரம்பித்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் மாமா கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகிறார். மாதக்கணக்கில் போன் கிடையாது. அதே நாளில் அண்ணனுக்கும் ஒரு பெரிய ஆர்டரின் டிராயிங் வர வேண்டும். திருகு ஃபேக்ஸ் பக்கம் இருந்தது. பல்பு ஒரு தடவை மினுக்கி அணைந்தது.

"இது நம்ம மாப்ளயா, எதிர்வூட்டு அக்கா புள்ளயா?" என்று அம்மா கத்தியும் கையுமாக யோசித்தாள். அந்த யோசனையில் கம்பெனிக்காரன் புகுந்துவிட்டான். மெஷின் கூவியது, காகிதம் மெல்ல நகர்ந்தது.

இனி மாமா எத்தனை தடவை அடித்தாலும் 'எங்கேஜ்டு'தான். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அவரை எவ்வளவு நேரம் விடுவார்கள்? அக்கா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். என் கை திருகின் மேல். அண்ணன் காகிதத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"இன்னாடா பாத்துக்கினு கீற? திருப்புடா!"

திருப்பினேன். மெஷின் பாதிப் படத்தோடு நின்றது. கூடத்தில் காற்றாடி சத்தம் மட்டும். பிறகு மணி அடித்தது பாருங்கள், அப்படி ஒரு மணியை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை. அக்கா எடுத்து, "விசில் இல்லீங்க, நான்தான்" என்றாள். அதற்கப்புறம் ஒரே அழுகையும் சிரிப்பும். அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோடு பூத்துக்குப் போய், டிராயிங்கை மறுபடி அனுப்பச் சொல்லிக் கெஞ்சி, ஆர்டரையும் வாங்கிவிட்டார்.

இப்போது ஆளுக்கொரு போன் பையில் இருக்கிறது. அந்த லைனைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, ஃபேக்ஸ் பழைய இரும்புக்குப் போயிற்று. திட்டுவதற்கு மெஷினும் இல்லை, திட்ட அம்மாவும் இல்லை. டப்பா மட்டும் என் பரணில் இருக்கிறது.

மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அக்கா மகள் ஒரு ஆல்பம் தயார் செய்கிறாள். அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு தனிப் பக்கம். 'பெரிய மாமா செய்த தியாகம்' என்று தலைப்பாம். அவளுக்குப் பெரிய மாமா என்றால் என் அண்ணன். அவர் நல்லவர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் "திருப்புடா" என்று அவர் சொல்வதற்கு அங்கே ஒரு திருகு இருந்ததே, அது யார் வைத்தது? டப்பாவைப் படமெடுக்கக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறாள். தருகிறேன். அதே பக்கத்தில், அண்ணன் பெயருக்கு மேலே, என் பெயரை இனிஷியலோடு போட்டுக்கொண்டு வரட்டும். ஏணி வைத்து நானே இறக்கித் தருகிறேன்.