சட்டம் போட்ட வம்சம்

எங்கள் வம்சத்தைப் பற்றி யாராவது விசாரித்து வந்தால் நான் எழுந்து அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விடுவேன். சொந்தக்காரப் பிள்ளைகள் கேட்டாலும் அப்படித்தான். மரியாதை தெரியாதவள் என்று நினைத்துக்கொள்ளட்டும். ஒரு வம்சத்தை எப்படித் தேடி எடுக்கிறார்கள் என்பதைக் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தவள் நான். வாப்பா தேடியது அவருக்குக் கிடைத்தது. அதற்காக என் ராத்தாவின், கூடப்பிறந்த அக்காவின், வாழ்க்கையைக் கொடுத்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் வாப்பாவுக்குக் கண்டி பசாரில் பெரிய துணிக்கடை. கையில் காசு சேர்ந்த பிறகு அவருக்கு மனிதர்கள் போதவில்லை, மூதாதையர்களும் வேண்டியிருந்தார்கள். கொழும்பில் ஒரு கலியாணத்துக்குப் போனவர் அங்கே ஒரு கனவான் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த வம்ச மரத்தைப் பார்த்துவிட்டார். அதில் முதல் பெயர் அரபு நாட்டுக்காரர். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

எங்களுக்கும் ஒரு பழைய வீட்டுப்பெயர் உண்டு. பக்கத்துச் சிங்கள ஊர்களில் இன்றும் அதைச் சொல்லித்தான் எங்களை அடையாளம் காட்டுவார்கள். அதில் 'மடிகே' என்று ஒரு சொல் வரும். ராசா காலத்தில் பொதிமாடு ஓட்டிய கூட்டம் என்று அர்த்தம். அது 'மதீனா'வின் திரிபு என்று வாப்பா கண்டுபிடித்தார். கேட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடனுக்குத் துணி வாங்கியவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கடுகண்ணாவை, வத்தேகம என்று புறப்பட்டுவிடுவார். படுக்கையில் கிடக்கும் கிழடுகளையெல்லாம் எழுப்பி உட்காரவைத்து, உங்கள் வாப்பாவின் வாப்பா பெயர் என்ன என்று கேட்பார். தெரியாது என்றால் கோபம் வரும். தெரிந்தவர்கள் சொன்னாலும் சும்மா எழுதிவிட மாட்டார். எங்கள் முன்மண்டபத்துக்கு அழைத்து, பள்ளிவாசல் லெப்பையும் பசார்ப் பெரியவர்கள் சிலரும் கதிரைகளில் உட்கார்ந்திருக்க, அவர்கள் காதால் கேட்ட பிறகுதான் அந்தப் பெயர் தாளில் ஏறும். நாளைக்கு ஒருவரும் இதைப் பொய் என்று சொல்லக்கூடாது என்பார். சாட்சி வைத்துக் கதை கேட்ட ஒரே வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

அந்தத் தாளில் எழுதியவர் ராத்தாவின் புருஷன். அவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அவர் உம்மாவின் நாநா மகன், அதாவது அண்ணன் மகன். பெரிய காய்ச்சல் வந்து ஊரே படுத்த வருஷம் அவருடைய உம்மா மௌத்தாகிவிட்டார். கடுகண்ணாவையில் சின்னக் கடை வைத்திருந்த மாமா தனியாக வளர்த்து, மீசை அரும்பியதும் எங்கள் கடைக்கு அனுப்பிவைத்தார். ராத்தாவைவிட ஒரு வயதுதான் கூட. சின்ன வயதிலிருந்தே ராத்தா அவரை 'மச்சான்' என்பாள். கலியாணத்துக்குப் பிறகும் அதே 'மச்சான்'தான், ஆனால் அதில் ஒரு இழுவை வந்து சேர்ந்துகொண்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் படியேறும்போது அவள் அந்தச் சொல்லை இழுப்பதைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருக்கும். அவர்கள் மகளுக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது.

வாப்பாவின் மூத்த சகோதரியை நாங்கள் மாமி என்போம். வத்தேகமவில் இருந்த விதவை. வாப்பாவின் தேடலுக்கு உயிர் கொடுத்தவர் அவர்தான். அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்து, கண்டி ராசாவின் வயிற்றுவலியைத் தீர்த்து, நிலம் வாங்கிக் குடியேறிய ஒருவர்தான் எங்கள் மூதாதையர் என்ற கதை உலகத்தில் மாமி ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவருடைய மூத்தவாப்பா, பாட்டனார், சொன்னதாம். வேறு எந்தக் கிழவரைக் கேட்டாலும் பேச்சு பொதிமாட்டில் வந்து நின்றது. ஆகவே மாமியைக் கார் பிடித்து அழைத்து வந்தார் வாப்பா.

அசர் தொழுகை முடிந்த நேரம். மண்டபத்தில் மேசைமேல் தாள் விரித்திருந்தது. மச்சான் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். மாமி கதவருகே தலையை மூடிக்கொண்டு ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். திரைக்கு இந்தப் பக்கம் உம்மாவும், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ராத்தாவும், நானும். மாமி கப்பல்காரர் கதையைச் சொல்லி முடித்தார். மச்சான் தாளின் உச்சியில் அந்தப் பெயரை எழுதினார். வாப்பாவுக்குக் கால் தரையில் படவில்லை. லெப்பைக்குத் தன் கையாலேயே வட்டிலப்பம் எடுத்து வைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். வாப்பாவுக்கு இன்னும் வேண்டியிருந்தது. மாமி பக்கம் திரும்பினார்.

"ராத்தா, நம்மட குடும்பத்துப் பொம்பிளைகள்ட நல்ல கொணத்தப் பத்தியும் ரெண்டு கத செல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

மாமி சிரித்தார். எதையோ நினைத்து அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"வேற எங்கயும் ஏன் போக? அந்தக் காய்ச்சல் வருஷம் எண்ட புள்ள மௌத்தாப் போன. மாரு ரெண்டும் பால் கட்டிக் கல்லாப் போயிருந்த. டவுனுல காய்ச்சல்டு இந்த ரெண்டு புள்ளைகளயும் எங்கட ஊட்டுக்குக் கொணந்து விட்டாங்க. ஒங்கட மகள் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். எண்ட புருஷனுக்கு இவர்ட வாப்பாவோட கோவம், பாத்தா ஏசுவார். அதுக்காகவே குசினிக்குப் பொறத்தால ஒளிச்சி வச்சி இவருக்குக் குடுத்த."

"ஆருக்கு?" என்று லெப்பை கேட்டார்.

"இந்தா, எழுதிக்கிட்டு இரிக்கிறாரே, இவருக்குத்தான்."

மச்சானின் பேனா நின்றது.

மாமி ராத்தாவுக்குப் பால் கொடுத்தது எல்லாருக்கும் தெரியும். மச்சானுக்குக் கொடுத்தது ஒருவருக்கும் தெரியாது. அவர் பசுப்பால் குடித்து ரஸ்க் தின்று வளர்ந்தார் என்றுதான் நினைத்திருந்தோம். இரண்டு வயது நிறையாத பிள்ளைக்கு ஒரு பெண் ஐந்து தரம் பசி தீரப் பால் கொடுத்தால் அவள் அதற்குத் தாய். அவளிடம் குடித்த பிள்ளைகள் எல்லாம் சகோதரங்கள். சகோதரங்களுக்குள் கலியாணம் இல்லை. இது எங்கள் வீடுகளில் ஓதப் போகும் பிள்ளைக்கும் தெரியும்.

"அப்ப இவருக்கு எத்தன வயசு? எத்தன தரம் குடுத்தீங்க?" லெப்பையின் குரல் இறங்கிவிட்டது.

உம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திரையைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார். "மதினிக்கு மறதி. அது ஆட்டுப்பாலு."

உம்மா காப்பாற்றத்தான் பார்த்தார். ஆனால் சபையில் வைத்து மறதிக்காரி என்றதும் மாமிக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கா மறதி? நாலு பல்லு மொளச்சி நடக்கப் பழகின நேரம். கடிச்ச தழும்பு இன்னும் கெடக்கு. எத்தன தரம்டு கேக்கிறீங்களே, காய்ச்சல் உடுற வரைக்கும் ராவும் பகலும் எண்ட மாருலதானே கெடந்தார்!"

லெப்பை கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, அப்படியென்றால் இந்தக் கலியாணமே இல்லையே என்றார். மாமி அதையும் சிரித்துத் தள்ளினார்.

"அது எனக்குத் தெரியாதா லெப்பை? எண்ட புள்ள இருந்தா, அதுக்கும் இதுகளுக்கும்தான் ஆகாது. எண்ட புள்ளதான் மௌத்தாப் போச்சே. பொறகு ஆருக்கு ஆரு சகோதரம்?"

இத்தனை வருஷமாக மாமி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளை செத்ததோடு பால் உறவும் செத்துவிட்டது என்று. இவர்கள் கலியாணத்தில் எல்லாரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் அவர்தான். ரெண்டும் என் மடியில் கிடந்ததுகள் என்று மணமக்களைக் கட்டிப்பிடித்துச் சொன்னார். மாமிக்குப் பாசம் என்று நாங்கள் நினைத்தோம்.

லெப்பை நல்ல மனிதர். அவரை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். அவர் ஒரு கதவைத் திறந்துவைத்தார்.

"ஒரு பொம்பிளைட சொல்ல மட்டும் வச்சி நான் தீர்ப்புச் செல்ல ஏலாது. மொதலாளி, ஒங்கட ராத்தாக்கு வயசு போயிட்டு, நெனப்புப் பெரண்டு போயிருக்கும்டு நீங்க ஒரு வார்த்த சென்னாப் போதும். நான் தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போறன். அல்லாஹ் மன்னிக்கிறவன்."

ராத்தா ஆண்கள் இருக்கும் இடத்தில் அதுவரை வாய் திறந்ததில்லை. அன்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "வாப்பா, செல்லுங்க."

வாப்பா வாயைத் திறந்தார். சொல்லத்தான் திறந்தார் என்று இன்றும் நினைக்கிறேன். அதற்குள் கதிரையில் இருந்த இன்னொரு துணிக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "மறதின்டா, அந்தக் கப்பல்காரர்ட கதயும் மறதிதானே?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார். யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது.

வாப்பா மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தார். உச்சியில் மை இன்னும் காயாமல் அந்தப் பெயர். அதற்கு ஒரே சாட்சி மாமியின் வாய். அந்த வாய் புரண்டது என்றால் பிறகு பொதிமாடுதான் மிச்சம்.

"எண்ட ராத்தாக்கு மறதி இல்ல" என்றார் வாப்பா.

மச்சான் பேனாவை மூடித் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். எழுந்து திரையைப் பார்த்தார். ராத்தா இந்தப் பக்கம் நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியும். திரையை விலக்க அவர் கையைத் தூக்கினார். லெப்பை "மகன்" என்று மட்டும் சொன்னார். கை இறங்கியது. உடுத்த உடுப்போடு படியிறங்கிப் போனார். அன்று முதல் கடையிலேயே படுத்தார். பிள்ளைமேல் குற்றமில்லை, தெரியாமல் நடந்தது என்று லெப்பை சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைத் தொடாமல் போனார்.

இரண்டு நாளில் மாமி வத்தேகமவிலிருந்து திரும்பி வந்தார். வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "நான் பொய் சென்ன. ஆட்டுப்பாலுதான் குடுத்த. எனக்கு மறதிதான்." வாப்பா கதவை விட்டு வெளியே வரவில்லை. "இப்ப செல்றதுதான் பொய்" என்று உள்ளிருந்தபடியே சொன்னார். அது உண்மைதான். அதனால்தான் வாப்பாவை நான் மன்னிக்கவில்லை. மாமி அதற்குப் பிறகு எந்தக் கதையும் சொல்லவில்லை. யாராவது பழைய காலத்தைப் பேசினால் காது கேட்காதவர்போல் இருப்பார்.

தாளை வாப்பா வேறொருவரை வைத்து எழுதி முடித்தார். ராத்தாவின் பெயரையும் மச்சானின் பெயரையும் சேர்த்த கோட்டைச் சவர அலகால் சுரண்டினார்கள். அந்த இடத்தில் தாள் சொரசொரப்பாகிவிட்டது. கீழே பிள்ளையின் பெயர் மட்டும் எதிலும் ஒட்டாமல் நின்றது. தேக்குச் சட்டம் போட்டுக் கண்ணாடி பதித்து மண்டபத்தில் மாட்டினார்கள்.

மச்சான் பிள்ளையைப் பார்க்க வருவார். இப்போது திரை வேண்டியதில்லை, சகோதரம் அல்லவா, நேரே உள்ளே வரலாம். புருஷனாக இருந்தபோது இல்லாத தாராளம் வாப்பாவுக்கு வந்துவிட்டது. "மகள், நாநா வந்திரிக்கார். தேத்தண்ணி குடு" என்று கூப்பிடுவார். நாநா என்று அழைக்கும்படி எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். ராத்தா தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போவாள். மச்சான் என்றும் சொல்லமாட்டாள், நாநா என்றும் சொல்லமாட்டாள். அவரை அழைக்க அவளிடம் சொல்லே இல்லாமல் போய்விட்டது.

அடுத்த வருஷம் வாப்பா அவளுக்கு மாவனல்லையில் மாப்பிள்ளை பார்த்தார். பெஞ்சாதியை இழந்தவர், தலை நரைத்தவர். சட்டத்தில் இருந்த கப்பல்காரரை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சம்மதித்தாராம். எங்கள் கலியாணங்களில் பெண்ணின் சகோதரன் வாசலில் நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்து வரவேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். வாப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. சித்தப்பா முறையில் யாராவது சாச்சா மகனைப் பிடிக்கலாம் என்றார் உம்மா.

"சகோதரம் ஒண்டு இரிக்கக்குள்ள வேற ஆரு?" என்றார் வாப்பா.

சொன்னது காதில் விழுந்ததும் உம்மா காறித் துப்பினார். மச்சான் மறுத்துவிடுவார் என்று நம்பினேன். வந்தார். புதுச் சாரம் உடுத்து வந்தார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகுதான் விளங்கியது. கால் கழுவும் சகோதரன் பெண்கள் பக்கம் போய் மணப்பெண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம். தேத்தண்ணியை வைத்துவிட்டு நிற்காமல் போகிறவளிடம் பேச அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

பன்னீர் கலந்த தண்ணீரைச் செம்பால் ஊற்றினார். அந்த மனிதரின் பாதங்களை இரண்டு கையாலும் தேய்த்துக் கழுவினார். மாப்பிள்ளை அவர் விரலில் மோதிரம் போட்டார். கை ஈரத்தோடு உள்ளே வந்தார். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ராத்தா முக்காட்டுக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் கிடந்த துவாயை எடுத்து நீட்டினாள்.

"கையெல்லாம் தண்ணி. தொடச்சிக்கோங்க, நாநா."

அவர் வாங்கி, விரல் விரலாகத் துடைத்தார். சொல்ல வந்த வார்த்தையைச் சொல்லாமலே துவாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வாப்பா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "இப்பதான் மகள் மொறயாக் கூப்பிடுறாள்."